கல்லைப் படித்தவர்: இராபர்ட் புரூஸ் பூட்

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குக் கல்லில் இரண்டு வகைதான் தெரியும். ஒன்று வெள்ளைக்கல், மற்றொன்று கருங்கல். வெள்ளைக்கல்லில் பொன் உண்டு, கருங்கல்லில் இல்லை. சுரங்கத்தின் வாய் வழியாக இரண்டும்தான் மேலே வந்தன. வெள்ளைக்கல் ஆலைக்குப் போயிற்று; கருங்கல் ஒரு புறம் கொட்டப்பட்டது. அதை எடுத்துத் திண்ணைக்கும் படிக்கும் வைத்துக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டு வாசற்படியும் அந்தக் கருங்கல்தான்.

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர்; முப்பது ஆண்டுகள் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் வாசற்படியைக் காட்டி, இது என்ன கல் என்று அவரிடம் கேட்டேன். அது வேண்டாத கல் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது தவறன்று. பொன்னைத் தேடிப் போனவர்களுக்கு அது வேண்டாத கல்தான்.

முதுகலை வகுப்பில் நிலவியல் பயிலத் தொடங்கிய பின்னரே, அந்த வேண்டாத கல்லை ஒருவர் விரும்பித் தேடிச் சென்று பார்த்தார் என்பதையும், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றி அக்கறையோடு எழுதினார் என்பதையும் அறிந்தேன். அவர்தாம் இராபர்ட் புரூஸ் பூட். பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்தவர் என்று அவரைப் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவருடைய வாழ்வின் மறு பாதியை நம்மில் பலர் அறியோம். அந்த மறு பாதி எங்கள் ஊர்க் கருங்கல்லோடு பிணைந்தது. அக்கல்லோ, இன்று உலகில் எங்கும் காணக்கிடைக்காத ஒரு பழங்கடலோடு பிணைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஏறத்தாழ நம் வயது. அத்துறை தோன்றி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. தாமஸ் ஓல்டாம் என்பவர் அதன் தலைவர். அலுவலர்கள் மிகச் சிலர். அளக்க வேண்டிய நிலமோ ஒரு துணைக்கண்டம். பூட்டுக்குக் கிடைத்த பங்கு தென்னாடு. குதிரை, மாட்டுவண்டி, கூடாரம், சுத்தியல், குறிப்பேடு ஆகிய இவையே அவர் கருவிகள். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் ஊர் ஊராக நடப்பதும், பாறையைத் தட்டிப் பார்ப்பதும், பார்த்ததை வரைபடத்தில் வண்ணம் தீட்டுவதும் அவர் வேலை. இந்த வேலையை அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் செய்தார்.

தமிழர்கள் அறிய வேண்டிய ஒரு குடும்பத் தொடர்பும் அவருக்கு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவரும், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவரும் அவரே. பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். சொல்லைத் திரட்டியவர் மாமனார். கல்லைத் திரட்டியவர் மருமகன்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய குழி ஒன்றில் பூட் ஒரு கல்லைக் கண்டார். அது இயற்கையாக உடைந்த கல்லன்று. மனிதக் கை செதுக்கிய கல் என்று உணர்ந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பிரான்சு நாட்டு ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழையவை என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அச்செய்தி அவர் மனத்தில் இருந்தது. ஆகையால் கண் தேடிற்று, தேடியது கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்னும் தோழரோடு சேர்ந்து திருவள்ளூருக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பூட் அந்த எண்ணைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். ஆனால் எந்தக் குழியில், எந்த அடுக்கில், என்ன கிடைத்தது என்று அவர் குறித்து வைத்திருந்தார். அதனால்தான் பின்வந்தவர்கள் அங்கேயே சென்று தோண்ட முடிந்தது. இந்த இயல்பை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் இது மறுபடியும் வரும்.

சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியலை எழுதினார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதினார். தென்கோடியில் செந்நிறத் தேரி மணல்மேடுகளை ஆராய்ந்தார். இராமேசுவரம் தீவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1880களின் இறுதியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் வெளிவந்தது. கல்லூரி இதழ் என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். அத்தீவின் கரையில் கடல்மட்டத்துக்கு மேலே பவளப்பாறை நிற்பதை அவர் கண்டார். பவளம் கடலுக்குள்தான் வளரும். அது இன்று தரையில் நிற்கிறதென்றால், ஒன்று கடல் இறங்கியிருக்க வேண்டும். அல்லது நிலம் ஏறியிருக்க வேண்டும். இவ்வாறு கடலும் நிலமும் மேலும் கீழுமாக அசையும் என்பதை அக்கால அறிஞர் யாவரும் ஏற்றிருந்தனர். நிலம் பக்கவாட்டில் நகரும் என்பதை ஒருவரும் ஏற்கவில்லை. பூட்டின் அறிவுக்கு எல்லை வகுத்தது இந்த ஒன்றுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், மாரிக்குப்பம், ஊரிகம் பக்கங்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். அவர் கண்டது புதுத் தொழிலன்று. அங்கே பழங்காலத்தார் தோண்டிய குழிகள் நிறைய இருந்தன. 1870களின் தொடக்கத்தில் லாவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டிப் பார்த்தார். 1880இல் இலண்டன் கம்பெனிகள் வந்தன. பங்குகள் விற்றன, பொன் வரவில்லை. இந்தத் தடுமாற்றக் காலத்தில்தான் பூட் மைசூர்ப் பொன் நிலங்களின் குறுக்கே நடந்து, 1882இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் என்ன கண்டார்? கோலார்ப் பகுதியைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். சுற்றிலும் வெளிறிய நிறமுடைய நைஸ் என்னும் பாறை. பெங்களூர் லால்பாகில் குன்றாக நிற்கிறதே, அந்த இனம். அதன் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கருநிறப் பட்டை. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அகலம் சில கிலோமீட்டர்தான். பொன் தாங்கிய வெள்ளைக்கல் நாளங்கள் இந்தக் கரும்பட்டைக்குள்ளேதான் ஓடுகின்றன. பட்டைக்கு வெளியே சென்றால் பொன் இல்லை.

இதைக் கண்டவர் பூட் ஒருவரே அல்லர். ஆனால் மற்றவர்கள் ஓர் ஊரைக் கண்டார்கள். பூட் நாட்டையே நடந்து கண்டவர். தார்வார்ப் பக்கத்தில் தம்பல் குன்றுகளில் பொன் தாங்கிய பாறைகளைப் பற்றி அவர் 1874லேயே எழுதியிருந்தார். பல்லாரி, சந்தூர், சித்திரதுர்க்கம், சிவமொக்கா ஆகிய இடங்களிலும் இதே போன்ற கரும்பட்டைகள் நைஸ் பாறைகளுக்கு இடையே கிடந்தன. இவை யாவும் ஒரே குடும்பம் என்று அவர் துணிந்தார். ஒரு காலத்தில் இவை நாடெங்கும் விரிந்து கிடந்த போர்வை போல இருந்திருக்க வேண்டும். பின்னர் நிலம் மடிந்தபோது, மடிப்புக்குள் சிக்கிய பகுதிகள் தப்பின. மேலே நின்ற பகுதிகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து மறைந்தன. எஞ்சிய மடிப்புகளே இந்தப் பட்டைகள். இக்குடும்பத்துக்குத் தார்வார்த் தொகுதி என்று அவர் பெயரிட்டார். தென்னிந்தியாவில் பொன்னைத் தாங்கும் முதன்மையான பாறைத் தொகுதி இதுவே என்று 1880களின் பிற்பகுதியில் விரிவாக எழுதினார்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். அதுவரை பொன் தேடுவது குருட்டு வேலை. நீலகிரி, வயநாட்டுப் பக்கம் அவ்வாறு தேடிப் பெரும்பணம் இழந்தவர்கள் பலர். இனி எங்கே தேடக்கூடாது என்பதாவது தெரிந்தது. இதற்கிடையே 1883-84இல் எங்கள் ஊரில் சாம்பியன் நாளம் அகப்பட்டது. கம்பெனிகள் பிழைத்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. என் குடும்பம் அவற்றில் ஒன்று.

1891இல் பூட் ஓய்வு பெற்றார். ஆனால் சும்மா இருக்கவில்லை. பரோடா அரசுக்காக நிலவியல் ஆய்வு செய்தார். 1894இல் மைசூர் அரசு தனக்கென ஒரு நிலவியல் துறையை அமைத்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. பின்னர் சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் குடியிருந்தார். நாற்பது ஆண்டுகளாகத் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அரசு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று அட்டவணை எழுதினார். அது அச்சாகி வருமுன், 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் காலமானார்.

அதே 1912ஆம் ஆண்டு சனவரியில் ஜெர்மனியில் ஆல்பிரட் வெகனர் என்னும் இளைஞர், கண்டங்கள் நகர்கின்றன என்று முதன்முதலாக ஓர் அவையில் கூறினார். பலர் நகைத்தனர். பூட் அதைக் கேள்விப்பட்டாரோ இல்லையோ, அவர் எழுதியவை யாவும் நகராத நிலத்தை நம்பி எழுதியவை.

பூட்டுக்குப் பின் அவருடைய தார்வார்த் தொகுதியைப் பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. அத்தொகுதியில் பெரும்பகுதி நீரில் படிந்த படிவுகள் என்றும், இடையிடையே எரிமலைக் குழம்பு பரவியது என்றும் பூட் கருதினார். அவருக்குப் பின் மைசூர்த் துறைக்குத் தலைமை தாங்கிய ஸ்மீத், ஏறக்குறைய எல்லாமே நெருப்பில் பிறந்த பாறை என்றார். பின்னர் அதே துறையில் பணியாற்றிய பி. இராமராவ் மறுபடியும் ஆராய்ந்து, படிவும் உண்டு, எரிமலைப் பாறையும் உண்டு என்று நிலைநாட்டினார். எங்கள் கோலார்ப் பட்டையில் மேலோங்கி நிற்பது எரிமலைக் குழம்பே. வாசற்படிக் கருங்கல் ஒரு காலத்தில் நெருப்பாக ஓடியது என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் அது ஓடியது எங்கே? நிலத்திலா, நீரிலா? இதற்கு விடை காணக் கடலுக்குப் போக வேண்டியிருந்தது.

நம் இந்தியப் பெருங்கடலையே எடுத்துக்கொள்வோம். மேலே நீர் சமமாக இருக்கிறது. அடியில் மலையும் பள்ளமும் நிறைந்திருக்கின்றன. அரபிக் கடலுக்குத் தெற்கே கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் மலைத்தொடர் கடலடியில் நீண்டு கிடக்கிறது. அதன் உச்சியில் தரை பிளந்து, உள்ளிருந்து குழம்பு வந்து, இறுகி, இருபுறமும் மெல்ல விலகிச் செல்கிறது. நம் நகம் வளரும் வேகத்தில் கடல் தரை விரிகிறது. 1962இல் ஓவன் என்னும் பிரிட்டிஷ் கப்பல் அம்முகட்டின் மேலே காந்த அளவைகள் எடுத்தது. அவ்வளவைகளைக் கொண்டுதான் 1963இல் வைன், மாத்யூஸ் என்னும் இருவர் கடல் தரை விரிவதற்குச் சான்று காட்டினர். உலகையே மாற்றிய அந்தச் சான்று நம் வாசற்கடலிலிருந்து கிடைத்தது.

முகடு ஒரே நேர்க்கோடாக ஓடுவதில்லை. துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒரு துண்டு இப்புறமும் அடுத்தது அப்புறமுமாகத் தள்ளிக் கிடக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் இரு பக்கத் தரையும் ஒன்றையொன்று உராய்ந்து எதிரெதிராகச் செல்கின்றன. இதன் இயல்பை 1965இல் கனடா நாட்டு டூசோ வில்சன் விளக்கினார். உராய்வு நின்ற பிறகும் அவ்வடு கடல் தரையில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு அழியாமல் கிடக்கும். இவையே முறிவு மண்டலங்கள். கார்ல்ஸ்பெர்க் முகட்டின் வடகோடியில் உள்ள ஓவன் முறிவு மண்டலம் இந்தியத் தட்டுக்கும் அரபுத் தட்டுக்கும் இடையே எல்லையாக நிற்கிறது.

எரிமலைத் தீவுகளின் கதை வேறு. ஆழத்தில் ஓரிடம் மிகுந்த வெப்பத்துடன் இருக்கிறது. மேலே தரை நகர்ந்துகொண்டே போகிறது. விளக்கின் மேல் தாளை மெல்ல இழுத்தால் கரும்புள்ளிகள் வரிசையாக விழுவது போல, நகரும் தரையில் எரிமலைகள் வரிசையாக எழுகின்றன. ஹவாய்த் தீவுகளைக் கொண்டு இவ்விளக்கத்தை 1963இல் சொன்னவரும் வில்சனே. இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தபோது இவ்வாறே ஒரு வரிசை எழுந்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் வடமேற்கில் குழம்பு பெருகிப் பரவியது. அதற்குத் தெற்கே இலட்சத்தீவுகளையும் மாலத்தீவுகளையும் தாங்கி நிற்கும் கடலடித் தொடர், பிறகு மொரீசியஸ், கடைசியாக இன்றும் எரிகின்ற ரீயூனியன். கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழர்கள் மொரீசியஸிலும் ரீயூனியனிலும் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் காலடியில் உள்ள கல்லும் தக்காணத்துக் கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று அறிஞர் கருதுகின்றனர்.

இங்கே தமிழ் மாணவர் எவருக்கும் ஒரு கேள்வி எழும். கடலில் மூழ்கிய கண்டம் என்று நாம் கேட்டு வளர்ந்தது என்ன ஆயிற்று? பூட்டின் காலத்தில் அது பெரிய அறிஞர்களும் பேசிய கருத்து. இலெமூரியா என்னும் பெயரை 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் உயிரியல் அறிஞர் தந்தார். பூட் பணியாற்றிய அதே துறையின் பிளான்போர்டும் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த நிலம் ஒன்று இருந்தது என்றார். நிலம் நகராது என்று நம்பினால், இரு கரையிலும் ஒரே உயிரினம் இருப்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. இன்று கடல் தரையை அளந்துவிட்டார்கள். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே இரண்டையும் இணைக்கும் கண்டம் மூழ்கிக் கிடக்கவில்லை. அங்கே பெரும்பகுதியும் முகட்டில் பிறந்து விரிந்த எரிமலைத் தரையே. மூழ்கியது கண்டமன்று, நகர்ந்ததுதான் கண்டம். பனிக்காலம் முடிந்தபோது கடல் மட்டம் ஏறிக் கரையோர நிலங்களை விழுங்கியது உண்மை. அது வேறு அளவு, வேறு காலம். நமக்குப் பிடித்த கதை என்பதற்காக இதை மறைப்பது அறிவியல் பயில்வோர்க்கு அழகன்று என்று எண்ணியே எழுதினேன்.

இப்போது கருங்கல்லுக்குத் திரும்புவோம். இன்றைய பெருங்கடல்களின் தரையில் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது அரிது. ஏனென்றால் ஒரு புறம் பிறக்கும் தரை மறு புறம் ஆழ்பள்ளங்களில் அமிழ்ந்து பூமிக்குள் போய்விடுகிறது. அந்தமான் பக்கம் அது நிகழ்கிறது. பாரன் தீவின் எரிமலை அதனால்தான் எரிகிறது. ஆகவே பழங்கடலின் தரையைப் பார்க்க விரும்பினால் கடலில் தேடிப் பயனில்லை. இரண்டு நிலங்கள் மோதியபோது நடுவில் நசுங்கித் தப்பிய துண்டுகளைத் தரையில்தான் தேட வேண்டும்.

கோலார்க் கருங்கல்லில் சில இடங்களில் தலையணைகளை அடுக்கியது போன்ற வடிவம் தெரிகிறது. நீருக்குள் குழம்பு பீறிடும்போது அதன் மேல்தோல் உடனே குளிர்ந்து உருண்டு இவ்வடிவம் பெறும். இன்றைய கடல் முகடுகளிலும் இதே வடிவம் காணப்படுகிறது. ஆகவே எங்கள் ஊர்க்கல் நீருக்கடியில் ஓடியது என்பதில் ஐயமில்லை. அதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். 1989இல் பேராசிரியர் வி. இராஜாமணி, எஸ். பாலகிருஷ்ணன் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளர் சிலரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பட்டையின் கிழக்கே உள்ள நைஸ் பாறையும் மேற்கே உள்ள நைஸ் பாறையும் வயதாலும் வரலாற்றாலும் வேறு வேறு என்று அவர்கள் அளந்து காட்டினர். பட்டைக்குள்ளேயே கிழக்குக் கருங்கல்லும் மேற்குக் கருங்கல்லும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையல்ல என்றும் கண்டனர். அதாவது, இரண்டு தனித்தனி நிலங்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து மோதின. நடுவிலிருந்த கடலின் எரிமலைத் தரை நசுங்கி நின்றது. அந்தத் தையல்தான் கோலார்ப் பட்டை. ஆழத்திலிருந்து எழுந்த பெருவெப்பமே காரணம் என்று வேறு விளக்கம் சொல்வோரும் உண்டு. ஆய்வு இன்னும் முடியவில்லை.

பொன் எங்கிருந்து வந்தது என்பதும் இதனோடு சேர்ந்ததே. மோதலில் கருங்கல் முறிந்தது. முறிவுகளின் வழியே ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறியது. கரைந்திருந்த பொன்னையும் வெள்ளைக்கல்லையும் முறிவுகளிலேயே விட்டுச் சென்றது. கருங்கல் முறிந்திராவிட்டால் வெள்ளைக்கல் இல்லை; பொன் இல்லை; தங்கவயலும் இல்லை. 1880 முதல் 2001 வரை அந்த முறிவுகளைப் பின்தொடர்ந்து எங்கள் மக்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். ஏறத்தாழ 800 டன் பொன் எடுத்தார்கள். பாறை திடீரென வெடித்து உயிர் இழந்தவர்கள் உண்டு. கல் தூசி நெஞ்சில் தங்கி இருமி இருமி மாய்ந்தவர்கள் உண்டு. பழங்கடலின் தரைக்குள் அவ்வளவு ஆழம் இறங்கிய மனிதர்கள் உலகில் வெகு சிலரே. தாங்கள் இருப்பது ஒரு கடல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய அறிவு அவர்கள் காலத்தில் பெரும்பகுதியும் பிறக்கவில்லை.

இனிப் பூட்டை மறுபடியும் எண்ணிப் பார்ப்போம். அவர் சொன்னவற்றில் எது நின்றது, எது வீழ்ந்தது? ஒரே போர்வை மடிந்து எஞ்சியது என்னும் விளக்கம் வீழ்ந்தது. எல்லாப் பட்டைகளும் ஒரே காலத்தவை என்பதும் நிற்கவில்லை. ஆனால் கருங்கல் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று அவர் வரைந்த கோடு நின்றது. பொன் இதற்குள்தான் என்னும் கூற்று நின்றது. தார்வார் என்னும் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. கண்ணால் கண்டதையும் கருத்தால் கொண்டதையும் அவர் கலந்துவிடவில்லை. ஆகவே கருத்து மாறியபோது காட்சி கெடவில்லை. பல்லாவரத்துக் கல்லுக்கும் அதுவே. கோலார்க் கல்லுக்கும் அதுவே. விளக்கம் சொல்வதில் நாம் எல்லோரும் ஒரு நாள் தோற்போம். பார்த்ததை நேர்மையாகக் குறித்து வைத்தவன் தோற்றும் பயன்படுவான்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் பிறக்குமுன்பே அது முடிந்துவிட்டது. நீர் இறைப்பது நின்றதும் ஆழ்சுரங்கங்கள் மூழ்கின. 3 கிலோமீட்டர் ஆழத்துப் பாறையை நேரில் பார்க்கும் வழி அடைபட்டது. பூட் வந்தபோது என்ன இருந்ததோ, அதுவே எங்களுக்கும் எஞ்சியிருக்கிறது: மேற்பரப்பு, இரண்டு கால்கள், ஒரு சுத்தியல். வேறுபாடு ஒன்றுதான். அவருக்குத் தெரியாத கடல் நமக்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது வாசற்படியில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் தாத்தாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, இப்போது சுரங்கத்தில் நிற்கும் தண்ணீர் அந்தக் கடல் தண்ணீர்தானா என்று கேட்டார். இல்லை தாத்தா, அது மழைத்தண்ணீர், ஊற்றுத்தண்ணீர் என்றேன். அப்படியானால் அந்தக் கடல் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. முப்பது ஆண்டுகள் அடியில் வேலை செய்தவர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அவர் காலத்தில் அவரிடம் கல்லைக் காட்டி யாராவது பேசியிருந்தால் எத்தனை கேள்வி கேட்டிருப்பார் என்று எண்ணினேன்.

தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளியில் எரிமலை கக்கிய கற்கள் இறுகிய பாறை ஒன்று இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது. ஏற்காட்டுத் தேவாலயத்தில் பூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. நம் சங்கத்து நண்பர்கள் அடுத்த சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வருவோர்க்கு வழிகாட்ட நான் இருக்கிறேன். தாத்தாவும் வருவார்.